துட்டிக்குப் போகத் தெரியாத தன்னார்வலர்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெளிநாடுகளுக்குத் தன்னார்வப் பணிக்குச் செல்ல விரும்புவோருக்கு வழிகாட்டும் கட்டுரை ஒன்றைத் தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் படித்தேன். எப்படி விண்ணப்பிப்பது, எந்தத் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வது, பெட்டியில் எதையெல்லாம் எடுத்து வைப்பது என்று கட்டுரையாளர் அக்கறையோடு எழுதியிருக்கிறார். ஆனால் போய்ச் சேர்ந்த மறுநாள் காலையிலிருந்து அங்கே எப்படி வாழ்வது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வேலையைக் காட்டிலும் அந்த அன்றாட வாழ்க்கைதான் கடினமானது என்பதைப் பட்டுத் தெரிந்துகொண்டவள் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

2022 மே மாதம் கணித ஆசிரியையாக ஓய்வுபெற்ற நான், அதே ஆண்டு செப்டம்பரில் தென்கிழக்கு ஆப்பிரிக்காவிலுள்ள மலாவி நாட்டுக்குச் சென்று, அதன் தென்பகுதியில் சோம்பா நகருக்குச் சற்றுத் தொலைவிலுள்ள ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளியில் 2 கல்வியாண்டுகள் பணியாற்றித் திரும்பினேன். என்னை அனுப்பிய அமைப்பின் பெயரை இங்கே குறிப்பிடப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறை அந்த அமைப்புக்கு மட்டும் உரியதன்று. புறப்படுவதற்கு முன்பு அவர்கள் நடத்திய 4 நாள் பயிற்சியில் மலேரியா, பாம்புக்கடி, பணப்பை பத்திரம், அறிக்கை எழுதும் முறை எல்லாவற்றையும் சொல்லித் தந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒருவர் இறந்துபோனால் என்ன செய்வது என்று மட்டும் சொல்லித் தரவில்லை. அதனால் நேர்ந்ததைப் பிறகு சொல்கிறேன்.

போன முதல் வாரத்திலேயே என் அடையாளம் முடிவாகிவிட்டது. வெள்ளையரைக் கண்டால் 'ம்சுங்கு' என்று கத்திக்கொண்டு ஓடிவரும் குழந்தைகள், என்னைக் கண்டதும் ஒரு கணம் தயங்கிவிட்டு 'ம்வென்யே' என்றார்கள். சிச்சேவா மொழியில் இந்தியரைக் குறிக்கும் சொல் அது. ஆனால் மலாவி மக்கள் மனத்தில் அச்சொல்லுக்குக் கடைக்காரர் என்ற பொருளும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 1970களில் அன்றைய அதிபர் ஹேஸ்டிங்ஸ் பண்டாவின் அரசு, இந்திய வம்சாவளி வணிகர்கள் சிற்றூர்களில் கடை நடத்தக் கூடாதென்று தடுத்து, அவர்களைப் பிளான்டைர், லிலோங்வே, சோம்பா போன்ற நகரங்களுக்குள் ஒதுக்கிவிட்டது. அதன் விளைவாக, கிராமத்து மக்களில் பலருக்கு இந்தியர் என்பவர் நகரத்துக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர் மட்டுமே. தங்கள் தெருவில் குடியிருப்பவராகவோ, குழாயடி வரிசையில் வாளியோடு நிற்பவராகவோ அவரைப் பார்த்துப் பழக்கமில்லை. "உங்கள் கடை எந்தத் தெருவில்?" என்று என்னிடம் கேட்டவர்களின் எண்ணிக்கையை முதல் மாதத்தில் எண்ணுவதையே விட்டுவிட்டேன். கடையில்லாத, கணவர் உடன் வராத, 60 வயதான ஓர் இந்தியப் பெண் எதற்காக இங்கே வந்திருக்கிறாள் என்பது அவர்களுக்கு உண்மையாகவே விளங்கவில்லை. சில நாட்களில் எனக்கே விளங்கவில்லை.

மொழியில் எனக்கு நேர்ந்த பிழையைச் சொன்னால் தமிழர்கள் சிரிப்பார்கள். வீட்டு முற்றத்தில் விளையாட வரும் பிள்ளைகளிடமிருந்துதான் நான் சிச்சேவா கற்கத் தொடங்கினேன். அவர்கள் ஒருவரையொருவர் 'உலி ப்வாஞ்சி' என்று நலம் விசாரிப்பதைக் கேட்டு, அதையே மனப்பாடம் செய்துகொண்டு, திங்கட்கிழமை காலையில் ஆசிரியர்கள் அனைவர் முன்னிலையிலும் தலைமையாசிரியரைப் பார்த்துச் சொல்லிவிட்டேன். அறை ஒரு நொடி அமைதியானது. பிறகு அனைவரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். நம் 'நீ', 'நீங்கள்' போலவே அவர்களுக்கும் 'இவே', 'இனு' என்று இரண்டு உண்டு. பெரியவரிடம் பன்மையில் 'முலி ப்வாஞ்சி' என்றுதான் கேட்க வேண்டும். 'என்னடா, நல்லா இருக்கியா?' என்று தலைமையாசிரியரைக் கேட்டிருக்கிறேன்! ஆங்கிலம் வழியாகச் சிச்சேவா கற்கும் ஐரோப்பியத் தன்னார்வலர்களுக்கு இந்த வேறுபாட்டைப் பல முறை விளக்க வேண்டியிருந்ததாகப் பின்னர் அறிந்தேன். எனக்கோ ஒரு முறை சொன்னதே போதுமாயிருந்தது.

சொற்களைவிட அவற்றின் வரிசைதான் என்னை அதிகம் திணறடித்தது. சந்தையில் தக்காளியைக் காட்டி விலை கேட்டால் விற்பவர் பதில் சொல்ல மாட்டார். என் முகத்தையே சற்று நேரம் பார்த்துவிட்டு, "அமாயி, எப்படி விடிந்தது உங்களுக்கு?" என்பார். அமாயி என்றால் அம்மா. நன்றாக விடிந்தது என்று நான் சொல்லி, அவருக்கு எப்படி விடிந்தது என்று திருப்பிக் கேட்டு, அவரும் நன்றாக விடிந்தது என்று சொன்ன பிறகுதான் தக்காளிக்கு விலை உண்டாகும். நண்பகல் தாண்டிவிட்டால் பொழுது எப்படிப் போனது என்று கேள்வி மாறும். வகுப்புக்குத் தாமதமாகிறதே என்ற பதற்றத்தில் இதையெல்லாம் நான் வீண் நேரம் என்று கருதிய மாதங்கள் உண்டு. பள்ளிக்குச் செல்லும் 10 நிமிட நடையை, வழியில் எதிர்ப்படுவோர் அனைவரையும் விசாரித்துக்கொண்டு 25 நிமிடத்தில் கடக்க வேண்டும் என்று கணக்கிட்டு முன்னதாகக் கிளம்பத் தொடங்கிய பிறகே என் காலைப் பொழுதுகள் சீரடைந்தன.

தண்ணீர் இன்னொரு பாடம். நான் தங்கியிருந்த வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவது அதிசயம் என்பதால், ஆழ்துளைக் கிணற்றின் கைப்பம்புக்குத்தான் போக வேண்டும். அங்கே பெண்கள் 20 லிட்டர் வாளியைத் தலையில் வைத்துக் கையை விட்டுவிட்டு நடப்பார்கள். நானோ பாளையங்கோட்டை வழக்கப்படி இடுப்பில் வைக்கப் பார்த்தேன், வாளி இடுப்பில் நிற்கவில்லை. 6ஆம் வகுப்பு மாணவி ஒருத்தி எதுவும் சொல்லாமல் என் வாளியை வாங்கி, தண்ணீர் தளும்பாதிருக்க ஒரு தட்டை அதன்மேல் மிதக்கவிட்டு, தலையில் தூக்கிக்கொண்டு என் வீட்டு வாசலில் இறக்கி வைத்துவிட்டுப் போனாள். அன்று மாலை அந்தச் சிறுமியின் தாயிடம் பணம் கொடுக்கப் போய், அவர் முகம் மாறுவதைக் கண்டு, கொடுக்காமலேயே திரும்பினேன். யாருக்கும் தொந்தரவு தரக் கூடாது, யாரிடமும் எதையும் சும்மா வாங்கக் கூடாது என்று வளர்ந்தவள் நான். உதவி செய்ய வந்தவள் என்ற நினைப்பும் அதனோடு சேர்ந்துகொண்டது. அந்த இரண்டும் சேர்ந்து, அண்டை வீட்டார் கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தெரியாதவளாக என்னை ஆக்கியிருந்தன. வேகவைத்த சோளக்கதிரோ ஒரு கூடை மாம்பழமோ வீடு தேடி வந்தால், அடுத்த நாளே கணக்குத் தீர்ப்பதுபோல் பதிலுக்கு எதையாவது கொடுத்தனுப்பிவிடுவேன். கடனை உடனே அடைப்பது உறவு வேண்டாம் என்று சொல்வதற்குச் சமம் என்பது நம் ஊரிலும் உள்ள வழக்கம்தான்; அங்கே போனதும் எனக்கு அது மறந்துபோயிற்று.

உணவைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். மக்காச்சோள மாவில் கிண்டும் ன்சிமா அவர்களுடைய அன்றாட உணவு. நம் கேழ்வரகுக் களியைச் சாப்பிட்டவர்களுக்கு அதில் வியப்பு எதுவுமில்லை. வலக்கையால் சிறிது பிட்டு, உருட்டி, கட்டைவிரலால் ஒரு குழி செய்து, கீரையையோ உசிபா என்னும் சிறு மீனையோ தொட்டுச் சாப்பிடுவார்கள். ஏரியில் பிடித்து உலர்த்திய உசிபாவை நெத்திலிக் கருவாடு என்று நினைத்துக்கொண்டு குழம்பு வைத்தேன். புளி இல்லாத குறையைத் தவிர வேறு குறை தெரியவில்லை. என்னை ஏமாற்றியது துவரை. அங்கே அதற்கு நன்டோலோ என்று பெயர். ஊரெங்கும் மக்காச்சோளத்துக்கு ஊடுபயிராக அது நிற்பதைக் கண்டு, சாம்பாருக்குக் கவலையில்லை என்று மகளுக்குச் செய்தி அனுப்பினேன். ஆனால் மக்கள் அதைப் பச்சையாகவோ முழுப் பயறாகவோ வேகவைத்துச் சாப்பிடுகிறார்களே தவிர, அந்த ஊர்ச் சந்தையில் உடைத்த பருப்பு என்ற ஒன்றே கிடையாது. மலாவியிலிருந்து ஆண்டுக்கு 50,000 டன் துவரையை வாங்க நம் அரசு 2021இல் ஒப்பந்தம் செய்துகொண்டிருப்பது அப்போதுதான் என் நினைவுக்கு வந்தது. கப்பலேறி நம் நாட்டுக்கு வந்தால் பருப்பாகும் பொருள், விளைந்த ஊரில் முழுப் பயறாகவே இருக்கிறது! ஊறவைத்து, காயவைத்து, அம்மிபோன்ற ஒரு கல்லில் நான் உடைத்ததைப் பார்க்க அக்கம்பக்கத்துப் பெண்கள் கூடிவிட்டார்கள். தோலை எதற்காக இப்படி வீணாக்குகிறாய் என்று ஒருவர் கேட்டதற்கு என்னிடம் பதில் இல்லை. வைத்த சாம்பாரை அவர்கள் மரியாதைக்காக ஒரு வாய் சாப்பிட்டார்கள். ரசம் யாருக்கும் பிடிக்கவில்லை.

இனி அந்தச் சாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நவம்பர் மாதத்தில், எங்கள் வீட்டிலிருந்து நான்காவது வீட்டில் ஒரு முதியவர் இறந்துபோனார். அவரை நான் பார்த்ததுகூட இல்லை. அன்று பள்ளியில் பாதி ஆசிரியர்கள் வரவில்லை. பிள்ளைகளையும் 9 மணிக்கே அனுப்பிவிட்டார்கள். 130 பிள்ளைகள் தரையில் நெருக்கியடித்து உட்காரும் 6ஆம் வகுப்பில் பின்னக் கணக்கு பாதியில் நிற்கிறதே என்ற எரிச்சலோடு வீட்டுக்கு வந்து, கதவைச் சாத்திக்கொண்டு, மறுநாள் பாடத்துக்குத் தயாரித்துக்கொண்டிருந்தேன். தெரியாதவர் வீட்டுத் துக்கத்தில் போய் நிற்பது அத்துமீறல் ஆகிவிடுமோ என்ற தயக்கமும் எனக்கு இருந்தது. அடுத்த இரண்டு வாரங்களில் ஏதோ ஒன்று மாறிவிட்டதை உணர்ந்தேன். வணக்கத்துக்குப் பதில் வணக்கம் வந்தது, ஆனால் யாரும் நின்று பேசவில்லை. வாளியைத் தூக்கித் தர யாரும் முன்வரவில்லை. காரணம் தெரியாமல் தவித்த என்னிடம், பள்ளியில் உடன் பணியாற்றிய ஆசிரியை ஒருவர்தான் கடைசியில் வெளிப்படையாகச் சொன்னார்: "துக்க வீட்டுக்குப் போகாதவர் இறந்தால் புதைக்க யார் வருவார்கள் அமாயி?"

பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு இதை ஒருவர் சொல்லித் தர வேண்டியிருந்தது என்பதில்தான் எனக்கு வெட்கம். துட்டி, அதாவது துக்கம், கேட்கப் போகாத குடும்பத்தை எங்கள் தெருவில் எவ்வளவு நாள் பேசுவார்கள் என்பது எனக்குத் தெரியாதா? கல்யாணத்துக்குப் போகாவிட்டாலும் துட்டிக்குப் போய்விட வேண்டும் என்று சொல்லித்தானே என் தாய் எங்களை வளர்த்தார்? விமானம் ஏறும்போது நம் பழக்கங்களில் எது அங்கே செல்லுபடியாகாது என்று யோசித்துக்கொண்டே போகிறோம். எது அங்கேயும் அப்படியே பொருந்தும் என்று யோசிப்பதில்லை.

அடுத்த மாதம் வேறொரு வீட்டில் சாவு நேர்ந்தபோது, 2 கிலோ மக்காச்சோள மாவை எடுத்துக்கொண்டு போனேன். வாசலில் 'ஓடி' என்று குரல் கொடுத்து, உள்ளிருந்து பதில் வந்த பிறகு நுழைய வேண்டும். அதை அதற்குள் கற்றிருந்தேன். ஆண்கள் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருக்க, பெண்கள் உள்ளே தரையில் கால்களை நீட்டி அமர்ந்திருந்தார்கள். நான் புடவையில் போயிருந்தேன். இடுப்பில் சித்தென்ஜே துணி சுற்றாமல் ஒரு பெண் துக்க வீட்டுக்கு வரக் கூடாது என்பது எனக்குத் தெரியாது. வாசலருகே இருந்த ஒரு மூதாட்டி எழுந்து, தான் தோளில் போட்டிருந்த துணியை எடுத்து, என் புடவைக்கு மேலேயே சுற்றி முடிச்சுப் போட்டு, தன் பக்கத்தில் என்னை உட்கார வைத்துக்கொண்டார். வருந்துகிறேன் என்று பொருள்படும் 'பெப்பானி' என்ற ஒரு சொல்லைத் தவிர எனக்கு வேறு எதுவும் சொல்லத் தெரியவில்லை. வேறு எதையும் யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. இரண்டு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். யார் என்ன கொண்டுவந்தார்கள் என்று ஒரு பெண் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார், நம் மொய் நோட்டைப் போலவே. அந்த நோட்டில் என் மாவு ஏறிய நாளிலிருந்து 'எந்தத் தெருவில் கடை' என்ற கேள்வி எங்கள் ஊரில் நின்றுபோயிற்று. குழந்தைகள் என்னை 'அகோகோ' என்று, அதாவது பாட்டி என்று, அழைக்கத் தொடங்கியதும் அதன் பிறகுதான்.

2023 மார்ச்சில் ஃப்ரெடி புயல் தென் மலாவியைத் தாக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்தும் காணாமலும் போனபோது, எங்கள் பள்ளியே முகாமாக மாறியது. தலைநகருக்கு உடனே புறப்பட்டு வரும்படி அமைப்பிலிருந்து தொலைபேசியில் சொன்னார்கள். சாலை அறுந்துபோயிருந்ததால் புறப்படுவதற்கு வழியில்லை. பெரிய பானையில் ன்சிமா கிண்டும் துடுப்பை என்னிடம் கொடுத்துப் பார்த்தார்கள்; நான்கு சுற்றுக்கு மேல் என்னால் கிண்ட முடியவில்லை. சிரித்துக்கொண்டே துடுப்பை வாங்கிக்கொண்டு, கீரை ஆயும் பெண்களோடு உட்கார வைத்தார்கள். கணக்குச் சொல்லித் தர வந்த என்னால் அந்த வாரம் ஊருக்கு ஆன உதவி கீரை ஆய்ந்தது மட்டும்தான்.

மற்றத் தொல்லைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மின்சாரம் போகும், வரும். நாட்டின் மின்சாரத்தில் பெரும்பகுதி ஷிரே ஆற்றிலிருந்து கிடைப்பதால், ஆற்றுக்கு ஒரு கேடு வந்தால் வீட்டு விளக்குக்கும் கேடுதான். மலேரியா எனக்கு ஒரு முறை வந்தது. 2022இல் தொடங்கிய காலரா ஓராண்டுக்கும் மேல் நீடித்து 1,700க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த காலத்தில், கைகுலுக்குவதைக்கூட அஞ்சி நிறுத்தியிருந்தோம். உள்ளூர்ப் பணமான குவாச்சாவில்தான் எனக்குப் படித்தொகை; 2023 நவம்பரில் டாலரின் விலை 44 சதவீதம் ஏறும்படி அதன் மதிப்பை ஒரே நாளில் குறைத்தபோது, எண்ணெயும் சர்க்கரையும் ஏறிய விலையில் என் மாதக் கணக்கு கிழிந்தது. ஆனால் அதே விலையில் அதே எண்ணெயை வாங்கும் அண்டை வீட்டாருக்கு ஓய்வூதியம் ஊரில் காத்திருக்கவில்லை என்பதால், அதைப் பற்றிப் புலம்ப எனக்கு உரிமையில்லை.

எல்லாம் இனிதே முடிந்ததாக எழுதினால் அது பொய்யாகும். 1994 முதல் அங்கே தொடக்கக் கல்வி இலவசம். ஆனால் நான் இருந்த காலத்தில் மேல்நிலைப் பள்ளிக்குச் செலவு இருந்தது. மகனுக்கோ மகளுக்கோ பள்ளிச் செலவுக்கு உதவும்படி கேட்டு என் வீட்டுக்கு வந்தவர்களுக்கு என்ன சொல்வது என்பதை 2 ஆண்டுகளிலும் நான் கற்றுக்கொள்ளவில்லை. சிலருக்குக் கொடுத்தேன், பலருக்கு மறுத்தேன், கொடுத்த நாளும் மறுத்த நாளும் தூங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை மாலைகள் எப்போதும் கனமாகவே இருந்தன. இங்கே மாலை 7 மணி என்றால் அங்கே பிற்பகல் மூன்றரை. பேரப்பிள்ளைகள் தூங்கப் போகும் முன் பேசிவிட்டால், எனக்கு முன்னால் ஒரு நீண்ட மாலைப் பொழுது மிச்சமிருக்கும். அந்தத் தனிமையைத் தீர்க்க வழி ஏதும் எனக்குக் கிடைக்கவில்லை. பொறுத்துக்கொள்ளப் பழகினேன், அவ்வளவுதான்.

வெளிநாடுகளுக்குத் தன்னார்வலர்களை அனுப்பும் அமைப்புகளில், பிரிட்டனின் வி.எஸ்.ஓ. 1958இலும், அமெரிக்காவின் பீஸ் கோர் 1961இலும், ஐ.நா. தன்னார்வலர் திட்டம் 1970இலும் தொடங்கப்பட்டவை. நம் நாடும் 1976 வரை பீஸ் கோர் தன்னார்வலர்களை ஏற்றுக்கொண்ட நாடுதான். இத்தனை ஆண்டு அனுபவம் உலகத்தில் இருக்கும்போது, இன்றும் தன்னார்வலரைப் போய் இறங்கிய மூன்றாம் நாளே வேலையில் அமர்த்தி, முதல் மாதமே அறிக்கை கேட்பது எதற்காக என்று எனக்குப் புரியவில்லை. அனுப்பும் அமைப்புகளுக்கு என் வேண்டுகோள் இதுதான்: முதல் ஒரு மாதம் வேலை எதுவும் தராதீர்கள். உள்ளூர்க் குடும்பம் ஒன்றோடு, அதற்குரிய செலவைக் கொடுத்துத் தங்க வையுங்கள். அந்த வீட்டுப் பெரியவர்களிடம் மொழியைக் கற்கட்டும், என்னைப் போலப் பிள்ளைகளிடம் கற்று அவமானப்பட வேண்டாம். தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் துக்க வீட்டில் உட்காரவும் அந்த ஒரு மாதத்தில் பழகியவர், நான் முதல் 6 மாதங்களில் செய்ததைவிட அதிக வேலையை அடுத்த 6 வாரங்களில் செய்வார். விண்ணப்பிப்போரும் இதை நேர்காணலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

என் வயதையொத்த ஆசிரியர்கள் பலர், இந்த வயதில் இது நமக்குத் தேவையா என்று கேட்கிறார்கள். முதியவர்களுக்கு மரியாதை தரும் ஊரில் நரைத்த தலைக்குக் கிடைக்கும் பொறுமை, 25 வயது இளைஞருக்குக் கிடைக்காது. முழங்கால் வலி இல்லாதவர்கள் தாராளமாகப் போகலாம்.

கட்டுரையாளரின் பொருட்பட்டியலில் ஒரு திருத்தம். 5 கிலோ துவரம்பருப்பை எடுத்துச் செல்லும்படி அவர் எழுதியிருக்கிறார். மலாவிக்குப் போகிறவர்கள் அதை இறக்கி வைத்துவிடலாம், அது அங்கே வீட்டு வாசலிலேயே விளைகிறது, நாமே உடைத்துக்கொள்ள வேண்டியதுதான். அந்த இடத்தில் புளியும் பெருங்காயமும் வைத்துக்கொள்ளட்டும். பெண்களாயிருந்தால், போய் இறங்கிய அன்றே சந்தையில் ஒரு சித்தென்ஜே வாங்கிவிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை,
பாளையங்கோட்டை.